வண்டி வாசல்: தோப்புக் கொட்டகையில் கிடந்த குவாட் பைக்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் குவாட் பைக் பற்றியவை, அதாவது மோட்டார் சைக்கிள் போல ஹாண்டில்பார் பிடித்து மண்பாதையில் ஓட்டும் நாலு சக்கர வண்டி. செட்டிநாட்டுப் பழைய வீடுகள் விடுதிகளானபோது விருந்தாளிகளுக்கென்று சிலர் வாங்கிப் போட்டது, தோப்பைச் சுற்றிவர வாங்கி ஆசை தீர்ந்ததும் தார்ப்பாய் போட்டு மூடியது, எல்லாம் இப்போது கைமாறத் தொடங்கியிருக்கிறது போலிருக்கிறது. ஆகவே இந்த இதழ் முழுக்க அதற்கே.

கே: ஐந்தாறு வருஷம் கொட்டகையில் கிடந்த சீன 110 சிசி குவாட் ஒன்றை 18,000 ரூபாய்க்கு வாங்கிவிட்டேன். என்ஜின் சுற்றுகிறது, ஸ்டார்ட் ஆகவில்லை. பெரிய கார்பரேட்டர், ஃப்ரீ ஃப்ளோ சைலன்சர், எல்இடி பார், புது பிளாஸ்டிக் பாடி என்று ஒரு பட்டியல் போட்டேன், முப்பதாயிரம் தாண்டுகிறது. எதை முதலில் வாங்கட்டும்?
(வாசகர், கல்லல்)

ப: பட்டியலை ஓரமாக வையுங்கள். அதில் வண்டியை நிறுத்துகிற சாமான் ஒன்றுகூட இல்லை. ஓடாத வண்டிக்கு எல்இடி பார் எதற்கு என்று கேட்டால் கோபித்துக்கொள்வீர்கள், இருந்தாலும் கேட்டுவிட்டேன்.

காசு செலவழிக்கும் முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை இருக்கிறது. சீட்டையும் பாடியையும் மெதுவாகக் கழற்றுங்கள், வெயிலில் காய்ந்த பிளாஸ்டிக் இழுத்தால் பிளந்துவிடும். ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்து உள்ளே இருக்கும் ஸ்பாஞ்சை விரலால் அமுக்கிப் பாருங்கள்; பழசானால் பொடிப்பொடியாக உதிரும், அந்தப் பொடி நேரே கார்பரேட்டருக்குள் போய் ஜெட்டை, அதாவது பெட்ரோல் வரும் பொடித் துளையை, அடைக்கும். ஃபில்டரைத் தாண்டி கார்பரேட்டர் பக்கக் குழாயிலும் செம்மண் படிந்திருந்தால் அது வேறு சங்கதி, அந்த மண் என்ஜினுக்குள்ளும் போயிருக்கிறது, பிஸ்டன் ரிங்கும் போரும் (பிஸ்டன் ஓடும் சிலிண்டர் துளை) தேய்ந்திருக்கும் என்று எடுத்துக்கொள்ளலாம். சைலன்சர் வாயிலும் கார்பரேட்டரின் ஓவர்ஃப்ளோ டியூபிலும் குளவி மண்கூடு கட்டியிருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் எலி. சீட்டுக்கு அடியில் ஒயரிங் போகிற பாதை முழுவதையும் கையால் தடவிக்கொண்டே போனால் கடித்த இடம் தானாகத் தட்டுப்படும்.

ஸ்டார்ட் ஆகாததற்கு உடனே சிடிஐ (பிளக்கில் பொறி வரவைக்கும் மின்பெட்டி) மாற்றச் சொல்வார்கள், விலை குறைவு என்பதால். அதற்கு முன்னால் சின்ன விஷயங்களைப் பாருங்கள். பல சீன குவாட்களில் பின்பக்கம் ஒரு கயிறு தொங்கும். அதை இழுத்தால் என்ஜின் நிற்கும், பையன் ஓட்டும்போது அப்பா பிடித்துக்கொள்வதற்கு. அந்தச் சுவிட்ச் துருப்பிடித்து மாட்டிக்கொண்டால் பிளக்கில் கரண்டே வராது. செல்ஃபே சுற்றவில்லை என்றால் பிரேக் லீவர் சுவிட்ச். பல வண்டிகளில் பிரேக் பிடித்தால்தான் செல்ஃப் வேலை செய்யும். மூன்றாவது, சேஸில் எர்த் ஒயர் மாட்டியிருக்கும் இடம். அங்கே துருவைச் சுரண்டி உலோகம் பளிச்சென்று தெரியும்படி செய்து மறுபடி முடுக்குங்கள். இவ்வளவுக்கும் கரண்ட் வரவில்லையென்றால்தான் சிடிஐ, காயில்.

கார்பரேட்டரைப் புதிதாக வாங்க வேண்டியதில்லை, பெரிதாக வாங்கவே வேண்டாம். அடியில் உள்ள கிண்ணத்தைக் கழற்றினால் பச்சையும் வெள்ளையுமாகப் பொருக்கு கட்டியிருக்கும். ஜெட்டின் ஓட்டையை ஊசி விட்டுக் குடைந்துவிடாதீர்கள், துளை பெரிதாகிவிடும். ஒயரில் இருந்து ஒற்றைச் செம்பு இழை எடுத்து விடுங்கள், கிளீனர் ஸ்பிரே அடித்து ஊதுங்கள். பெட்ரோல் டியூப் எல்லாவற்றையும் தயங்காமல் மாற்றிவிடுங்கள். இப்போது பங்கில் வருவது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல்; பழைய ரப்பரை அது ஊதவைக்கும், ஈரத்தையும் இழுக்கும். டேங்கில் மிச்சமிருக்கும் பழைய பெட்ரோலை மோந்து பார்த்தாலே வார்னிஷ் வாடை வரும், அதை வடித்துவிடுங்கள்.

என்ஜின் ஆயில் மோர் நிறத்தில் இருந்தால் தண்ணீர் இறங்கியிருக்கிறது. வடித்து, விலை குறைந்த ஆயில் ஊற்றி, ஸ்டார்ட் ஆனதும் பத்து நிமிஷம் ஓட்டி, அதையும் வடித்துவிட்டு நல்ல ஆயில் ஊற்றுங்கள். கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தம்) குறைவாக இருந்தால் பிளக் துளை வழியாக ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள்: ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு. இது தெரியாமல் பிஸ்டன் கிட் வாங்கக் கூடாது.

கடைசியாக, பின்பக்கத்தைத் தூக்கிக் கட்டையில் நிறுத்தி ஒரு சக்கரத்தை மேலும் கீழுமாக ஆட்டுங்கள். ஆக்சில் கடகடவென்று ஆடினால் பேரிங் போய்விட்டது. முன்சக்கரத்தை இடவலமாக ஆட்டினால் ஸ்டியரிங் ஜாயின்ட்டுகளான டை ராடு எண்டும் பால் ஜாயின்ட்டும் தேய்ந்த கதையைச் சொல்லும். கீழே குனிந்து, சக்கரத்தைத் தாங்கும் ஆர்ம் மாட்டியிருக்கும் வெல்டிங்குகளில் கீறல் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.

இதெல்லாம் முடிந்த பிறகு புதுப் பட்டியல் போடுங்கள். பிரேக், பேரிங், ஸ்டியரிங் ஜாயின்ட்டுகள், டயர், பெட்ரோல் டியூப், ஃபில்டர், பாட்டரி. மிச்சம் காசிருந்தால் அழகு. பிரேக்கில் கஞ்சத்தனம் வேண்டாம்: மாஸ்டர் சிலிண்டர் (லீவரின் அழுத்தத்தை பிரேக் ஆயிலுக்குக் கொடுக்கும் பாகம்) மாட்டிக்கொண்டு லீவர் திரும்பி வரவில்லையென்றால் கிட் போட்டுப் பார்ப்பதைவிட முழு செட் மாற்றுவது இந்த வகை வண்டியில் லாபம். பிரேக் ஆயிலில் மூடி மேல் எழுதியிருப்பதையே ஊற்றுங்கள், டாட் 3 அல்லது 4 தான் இருக்கும். டாட் 5 என்பது சிலிக்கான், அதோடு கலக்கக் கூடாது.

கே: சீன 110-க்கு ஸ்பிளெண்டர் சாமான் அப்படியே சேரும், பிஸ்டனே போடலாம் என்கிறார் எங்கள் மெக்கானிக். நம்பலாமா?
(வாசகர், தேவகோட்டை)

ப: பாதி நம்பலாம். ஹோண்டா 1958-ல் கொண்டுவந்த சூப்பர் கப் வண்டியின் படுத்த சிலிண்டர் என்ஜின் வம்சத்தில் வந்தவைதான் இரண்டும். பங்காளிகள். ஆனால் அளவு ஒன்றல்ல. ஸ்பிளெண்டர் 97.2 சிசி, போர் 50 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 49.5. சீன 110-ல் ஸ்ட்ரோக் அதே 49.5, போர் 52.4, கணக்குப் போட்டால் 107 சிசிக்குப் பக்கத்தில் வரும். 52.4 போரில் 50 மி.மீ. பிஸ்டனைப் போட்டால் என்ன ஆகும் என்று உங்கள் மெக்கானிக்கிடமே கேளுங்கள்.

பெயரைச் சொல்லிச் சாமான் கேட்பதை விட்டுவிட்டு, பொறித்திருக்கும் நம்பரைப் படிக்கப் பழகினால் குவாட்டுக்குச் சாமான் கிடைக்கவில்லை என்கிற புலம்பல் முக்கால்வாசி தீர்ந்துவிடும். என்ஜின் பக்கவாட்டில் 152எஃப்எம்ஹெச் என்று இருக்கிறதா? முதல் 1 ஒற்றைச் சிலிண்டர், 52 என்பது போர் அளவு, எஃப் என்றால் காற்றில் குளிர்வது, கடைசி ஹெச் 110 சிசி. அதே இடத்தில் 163எஃப்எம்எல் என்றிருந்தால் 63 போர், 200 சிசி. வண்டியின் ஸ்டிக்கரில் எந்தப் பெயர் இருந்தாலும் என்ஜினுக்கு இதுதான் ஜாதகம்.

பேரிங்குக்கு ஏடிவி (குவாட்டுக்கு இன்னொரு பெயர்) கடை தேடி அலைய வேண்டாம். பழையதைத் துடைத்தால் ஓரத்தில் 6204, 6205 என்று நம்பர் தெரியும். கடைசி இரண்டு இலக்கத்தை ஐந்தால் பெருக்கினால் உள்விட்டம்: 6204-க்கு 20 மி.மீ., 6205-க்கு 25. எஸ்கேஎஃப், எஃப்ஏஜி, என்பிசி எதுவானாலும் அதே நம்பர் அதே அளவுதான், காரைக்குடி பேரிங் கடையில் ஐந்து நிமிஷத்தில் எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். நம்பருக்குப் பின்னால் 2ஆர்எஸ் இருக்கிறதா என்று பாருங்கள், இரண்டு பக்கமும் ரப்பர் சீல் என்று அர்த்தம்; கண்மாய்க்கரையிலும் சகதியிலும் ஓடுகிற வண்டிக்கு அதுதான் வேண்டும். இசட்இசட் என்றால் தகர மூடி, தண்ணீர் புகுந்துவிடும். ஆயில் சீலும் இப்படித்தான், உள்விட்டம், வெளிவிட்டம், கனம் மூன்றும் மேலேயே எழுதியிருக்கும்.

செயினில்தான் ஸ்பிளெண்டர் ஆசை காலை வாரும். சின்ன குவாட்டில் பெரும்பாலும் 420, ஸ்பிளெண்டரில் 428. கண்ணிக்குக் கண்ணி தூரம் இரண்டிலும் 12.7 மி.மீ. என்பதால் மாட்டினால் சேர்ந்தமாதிரியே தெரியும், ஆனால் 428 அகலம் கூட. 420 பல்லின் மேல் பக்கவாட்டில் ஆடி ஆடிப் பல்லைத் தின்றுவிடும். 428-க்கு மாற வேண்டுமானால் முன்னும் பின்னும் இரண்டு ஸ்பிராக்கெட்டையும் சேர்த்து மாற்றுங்கள். ரோலான் கோயம்புத்தூர், டயமண்ட் சென்னை, நல்ல செயினுக்கு நாம் கடல் தாண்ட வேண்டியதில்லை. பிளக்கும் அப்படியே: ஏ7டிசி என்று போட்டிருந்தால் என்ஜிகே சி7ஹெச்எஸ்ஏ சரியாக இருக்கும், 10 மி.மீ. மரை.

கே: ஃப்ரீ ஃப்ளோ சைலன்சரும் கூம்பு மாதிரி ஏர் ஃபில்டரும் போட்டேன். சத்தம் அபாரம். ஆனால் சூடு அதிகம், ஆக்சிலேட்டரை விட்டால் படபடவென்று வெடிக்கிறது.
(வாசகர், கோட்டையூர்)

ப: காற்று கூடிவிட்டது, பெட்ரோல் கூடவில்லை. மெயின் ஜெட்டை ஒரு படி பெரிதாக்கி, கொஞ்ச தூரம் நன்றாக இழுத்து ஓட்டிவிட்டு என்ஜினை அணைத்துப் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். வெளிறி வெள்ளையாக இருந்தால் இன்னும் பெரிய ஜெட், காபிப் பொடி நிறம் வந்தால் போதும், கரி படிந்தால் ஒரு படி பின்னால் வாருங்கள். இப்படியே விட்டால் பிஸ்டன் தலையில் ஓட்டை விழும். என்னைக் கேட்டால் அந்தக் கூம்பு ஃபில்டரைக் கழற்றி வைத்துவிட்டுப் பழைய பெட்டியையே மாட்டச் சொல்வேன், நம் செம்மண் புழுதிக்கு அந்தப் பெட்டிதான் கவசம். சத்தம் உங்களுக்கு அபாரம். பக்கத்துத் தோப்புக்காரரிடம் கேட்டீர்களா?

கே: ஆர்ம், ஃபுட் ரெஸ்ட், பிராக்கெட் எல்லாம் துரு. ஆசிட் ஊற்றலாமா?
(வாசகர், புதுவயல்)

ப: வேண்டாம். சிக்ரி இருக்கிற காரைக்குடிக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு ஆசிட் பாட்டிலைத் தூக்குகிறீர்களே! அழகப்பச் செட்டியார் கொடுத்த நிலத்தில் 1948-ல் அடிக்கல் நாட்டி 1953-ல் திறந்த அந்த மத்திய மின்வேதியியல் ஆய்வகத்தின் முக்கியமான வேலைகளில் ஒன்றே துருப்பிடித்தலை ஆராய்வது. அதே மின்வேதியியலைப் புழக்கடையில் ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் செய்யலாம்.

தொட்டியில் தண்ணீர், அதில் ஒரு கைப்பிடி சலவைச் சோடா, உப்பு கூடாது. 12 வோல்ட் பாட்டரி சார்ஜரின் நெகட்டிவைத் துருப்பிடித்த சாமானில் மாட்டுங்கள், பாசிட்டிவை ஒரு பழைய இரும்புக் கம்பித் துண்டில். இரண்டும் ஒன்றையொன்று தொடக் கூடாது. சார்ஜரைப் போட்டதும் சாமானைச் சுற்றிப் பொடிக் குமிழிகள் கிளம்பும், கொஞ்ச நேரத்தில் மேலே பழுப்பு நுரை கட்டும். ராத்திரி முழுக்க விட்டு எடுத்தால் துரு கறுத்த சகதியாக மாறியிருக்கும், நார் போட்டுத் தேய்த்தால் வந்துவிடும். நல்ல இரும்பை இது தின்னாது, அதுதான் ஆசிட்டை விட இதில் உள்ள வசதி. புது மாடல் ஆட்டோமேட்டிக் சார்ஜர்கள் பாட்டரி இல்லாமல் கரண்ட் விடாது, பழைய டிரான்ஸ்ஃபார்மர் வகை சார்ஜர் தேடுங்கள்.

மூன்று எச்சரிக்கை. அந்தக் குமிழி ஹைட்ரஜன், ஆகவே திறந்த வெளியில் மட்டும், பக்கத்தில் பீடி சிகரெட் கூடாது. பாசிட்டிவ் பக்கம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கரண்டியை மாட்டிவிடாதீர்கள், அதிலிருந்து நச்சுக் குரோமியம் தண்ணீரில் இறங்கும். அலுமினியச் சாமானையும் ஷாக் அப்சார்பர் ஸ்பிரிங்கையும் தொட்டியில் போடக் கூடாது, ஒன்று கரையும், மற்றது நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும். எடுத்த சாமானைக் கழுவி உடனே துடைத்து, வெயிலில் காயவைத்து, அன்றைக்கே பிரைமர் அடித்துவிடுங்கள், மறுநாள் வரை விட்டால் மறுபடி செம்பழுப்பு ஏறிவிடும்.

சேஸ் தொட்டிக்குள் போகாது. அதற்குக் கம்பி பிரஷ், உப்புத்தாள், பொறுமை. குழாய்களைச் சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போங்கள், கணீரென்ற சத்தம் மாறி ஓரிடத்தில் சொத்தென்று கேட்டால் உள்பக்கம் அரித்திருக்கிறது, பெயிண்ட் அடித்து மறைக்க வேண்டாம், வெல்டிங் பட்டறைக்கு எடுத்துப்போங்கள்.

கே: எங்கள் விடுதி வண்டிக்கு வாரம் ஒரு பஞ்சர். எல்லாம் கருவேல முள். டியூப் போட்டுவிடலாமா? எந்த டயர் வாங்குவது?
(வாசகர், கானாடுகாத்தான்)

ப: சீமைக்கருவேல முள்ளுக்கு டியூப் மருந்தல்ல. டியூப்லெஸ் டயரில் முள் குத்தி நின்றாலாவது காற்று மெதுவாக இறங்கும், டியூப்பில் நொடியில் போய்விடும். டயரில் ஒடிந்து நிற்கும் முள் முனை அடுத்த டியூப்பையும் குத்தும். முள் அதிகமென்றால் ஆறு பிளை ரேட்டிங் (டயரின் வலுவைச் சொல்லும் கணக்கு) உள்ள டயர் வாங்குங்கள், உள்ளே சீலன்ட் ஊற்றுங்கள். முள்ளே குத்தாமல் காற்று இறங்கினால் டயரில் தேடாதீர்கள், ரிம் விளிம்பில் துரு இருக்கும். சுரண்டித் தேய்த்து பீட் சீலர் (டயர் விளிம்புக்கான பசை) தடவி மாட்டினால் நிற்கும்.

அளவு 19×7-8 என்று இருந்தால் டயரின் மொத்த உயரம் 19 அங்குலம், அகலம் 7, ரிம் 8. ஸ்கூட்டர் டயர் கணக்கைப் போட்டுக் குழம்ப வேண்டாம். கொஞ்சம் பெரிய டயர் கம்பீரமாக இருக்குமே என்று தோன்றும். வண்டி உயர்ந்தால் கவிழ்வதும் சுலபம், கியர் கணக்கும் மாறி இழுவை குறையும். புது டயர் என்று விற்பதிலும் பக்கவாட்டில் நாலு இலக்கம் பாருங்கள்: 2314 என்றால் 2014-ஆம் வருஷம் 23-ஆவது வாரம் செய்தது, கடையில் மினுமினுத்தாலும் கிழம்.

இன்னொன்று, காற்று. குவாட் டயருக்குப் பெரும்பாலும் 3 முதல் 7 பிஎஸ்ஐதான், சரியான அளவு டயரிலோ வண்டி ஸ்டிக்கரிலோ இருக்கும். பங்கில் 25 அடித்துவிட்டு வந்தால் வண்டி பந்தாகத் துள்ளும். பங்கு மீட்டர் இவ்வளவு குறைந்த அளவைச் சரியாகக் காட்டாது, லோ பிரஷர் கேஜ் ஒன்று தனியாக வாங்கி வையுங்கள்.

கே: பெல்ட் டிரைவ் 150 வாங்கினேன். பெல்ட் கேட்டால் கடைக்குக் கடை வேறு வேறு கொடுக்கிறார்கள். வெளிநாட்டுத் தளத்தில் வரவழைக்கலாமா?
(வாசகர், காரைக்குடி)

ப: பழைய பெல்ட்டின் முதுகைப் பாருங்கள், 842-20-30 போல ஒன்று இருக்கும். 842 மி.மீ. நீளம், 20 அகலம், 30 பாகைச் சரிவு. உங்கள் வண்டியின் வம்ச என்ஜினிலேயே பெல்ட் கேஸ் குட்டையாக இருந்தால் 743-20-30. கடைக்காரர் என்ன சொன்னாலும் இந்த மூன்றும் பொருந்த வேண்டும். எழுத்து அழிந்திருந்தால் பெல்ட்டையே கையில் எடுத்துப்போங்கள், ஆனால் தேய்ந்த பெல்ட்டில் அகலம் குறைந்திருக்கும், அளந்ததை அப்படியே நம்பக் கூடாது. அலிஎக்ஸ்பிரஸ் இங்கே 2020 நவம்பரில் தடையானது. மற்ற தளங்களில் வரவழைத்தால் சுங்கவரியையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள், ஒரு பெல்ட்டுக்காகச் செய்வதென்றால் கட்டாது, ரோலர், கிளட்ச் என்று சேர்த்து வரவழைத்தால் கட்டலாம். நம் முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் சாமான் பார்ப்பதுபோல நிதானமாகப் பாருங்கள், பளபளப்பைப் பார்த்து எடுக்காதீர்கள்.

கே: பேரனுக்குப் பதினொரு வயது. அவன் அப்பா பழைய 110 வண்டியைச் சரிபண்ணிக் கொண்டுவந்திருக்கிறார். பின்னால் தங்கச்சியையும் ஏற்றிக்கொண்டு தோப்புக்குள் போகிறான். எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. நான் பயந்தாங்கொள்ளியா?
(ஓர் ஆச்சி, பள்ளத்தூர்)

ப: இல்லை ஆச்சி, அந்த வீட்டில் சரியாகப் பார்ப்பவர் நீங்கள் ஒருவர்தான். அமெரிக்காவில் இந்த வண்டிகளுக்கு முன்பு வகுத்திருந்த கணக்குப்படி 90 சிசிக்கு மேற்பட்டது பதினாறு வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு ஆகாது. தங்கச்சி ஏறுவது அதைவிட மோசம். சீட் நீளமாக இருப்பது இன்னொரு ஆள் உட்காரவா என்றால் இல்லை, ஓட்டுபவர் மேட்டில் முன்னாலும் பள்ளத்தில் பின்னாலும் வளைவில் உள்பக்கமும் நகர்ந்து உட்கார்ந்து எடையை மாற்றுவதற்கு. பின்னால் ஒருவர் இருந்தால் அவனால் நகர முடியாது, மேடு ஏறும்போது முன்சக்கரம் தூக்கி வண்டி அப்படியே மேலே கவிழும். உங்கள் மகனிடம் இந்தப் பத்தியைக் காட்டுங்கள். அவர் கேட்கும்வரை சாவி உங்கள் கொத்தில் இருக்கட்டும்.

கே: வண்டி ரெடி. வீட்டிலிருந்து தோப்பு மூன்று கிலோமீட்டர், நடுவில் மெயின் ரோடு. காலை நேரத்தில் ஓட்டிப் போனால் யார் கேட்கப் போகிறார்கள்?
(வாசகர், திருப்பத்தூர்)

ப: 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 39-ஆவது பிரிவு கேட்கும். பதிவு இல்லாத வண்டி பொது இடத்தில் ஓடக் கூடாது, இந்த வகைச் சின்ன குவாட்களோ பதிவுக்கே வராதவை. விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் பேச்சே இல்லை. சட்டத்தை விடுங்கள், தார் ரோட்டில் இது ஒழுங்காகத் திரும்பவும் திரும்பாது. பின் ஆக்சில் ஒரே தண்டு, டிஃபரன்ஷியல் கிடையாது, வளைவில் இரண்டு சக்கரமும் ஒரே வேகத்தில் சுற்றும். மண்ணில் ஒன்று சறுக்கிக் கொடுத்துவிடும், தாரில் சறுக்காமல் வண்டியை நேரே தள்ளும். ஒரு குட்டி யானை பிடித்து ஏற்றிக்கொண்டு போங்கள். பெட்ரோல் டேப்பை மூடி, கியரில் விட்டு, பார்க்கிங் பிரேக் போட்டு, கயிற்றை ஹாண்டில்பாரில் கட்டாமல் முன்னும் பின்னும் சேஸில் கட்டுங்கள், ஒரு கிலோமீட்டர் போனதும் இறங்கிக் கயிற்றை மறுபடி இழுத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.